ஸ்கோர் வேண்டாம், ஆளைச் சொல்லுங்கள்: புதுவை – கடலூர் ரக்பிக்காரர்களின் அனுபவங்கள் (பேர்களில் வரும் ஹூக்கர், ப்ராப், ஒன்பது, விங்கர், ஃபுல் பேக் எல்லாம் ரக்பியில் அவரவர் ஆடும் இடங்கள்)

பழைய ஹூக்கர், முத்தியால்பேட்டை

முதலில் செய்தி. ஞாயிற்றுக்கிழமை கடலூர் பசங்களிடம் 19–17 என்று தோற்றோம். செவன்ஸ் ஆட்டம், அதாவது அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். கடைசி நிமிடத்தில் மூலையில் ஒரு டிரை வைத்து (எதிரணிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில் வைப்பது, ஐந்து பாயிண்ட்) 17-க்கு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு போஸ்ட்டுக்கு நடுவே உதைக்கும் கன்வெர்ஷன் போயிருந்தால் இரண்டு பாயிண்ட், டிரா. செவன்ஸில் பந்தை நிறுத்தி வைத்து உதைக்க முடியாது. கையிலிருந்து விட்டு, தரையில் பட்டு எழும்பும் அந்த நொடியில் உதைக்க வேண்டும். நம்ம ஆள் நன்றாகத்தான் உதைத்தான். பந்து நேரே போய் வலது பக்கச் சவுக்குக் கழியில் மோதியது. கழி மெதுவாகச் சாய ஆரம்பித்தது. அதன் பிறகு பந்து எங்கே போனது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கழிக்குக் கீழே கொடியோடு நின்ற தம்பி கொடியைப் போட்டுவிட்டு ஓடினான்.

ரெஃப்ரி இல்லை என்றார். சரி, இல்லைதான்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். எங்களுக்கென்று ரக்பி போஸ்ட் கிடையாது. ஃபுட்பால் கோல் போஸ்ட்டின் இரண்டு பக்கமும் சவுக்குக் கழியை நிறுத்திக் கட்டிவிடுவோம், தூரத்திலிருந்து பார்த்தால் எச் எழுத்து மாதிரியே இருக்கும். ஆனால் ஃபுட்பால் கோல் அகலம் 7.32 மீட்டர், ரக்பிக்கு வெறும் 5.6. குறுக்குக் கம்பியும் அங்கே 2.44 மீட்டர் உயரம், ரக்பிக்கு 3. அதாவது அகலமான, குட்டையான போஸ்ட்டில் உதைத்துப் பழகிவிட்டு, சென்னைக்குப் போனால் ஒன்றும் உள்ளே போவதில்லை. இங்கேயோ அந்த அகலத்தில்கூட கழியில் அடித்தோம்.

நான் சொல்ல வந்தது இதில்லை. கழி விழுந்ததும், வாக்கிங் வந்த ஒருவர் நேராக உள்ளே நடந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும், லுங்கி, தோளில் துண்டு. கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "யார்ப்பா கட்டினது?" நான்தான் என்றேன். "நைலான்ல கட்டினா வழுக்காம என்ன பண்ணும்? தேங்காய்நார்க் கயிறு வாங்கு. குறுக்கும் நெடுக்கும் எட்டுச் சுற்று சுத்தி, நடுவுல ஒரு ஆப்பு அடிக்கணும்." அவர் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். அங்கே கிடந்த குச்சியைச் சீவி ஆப்பு செய்து, அந்த நைலானிலேயே கட்டிக் காட்டினார். ரெண்டு பேர் தொங்கியும் அசையவில்லை.

ஐந்து வருடமாக நாங்கள் யூடியூப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தோம். அதனால் கேட்கிறேன். மேட்ச் அன்றைக்கு நீங்கள் சந்தித்த ஆட்கள் யார்? ஸ்கோர் வேண்டாம்.

தேவனாம்பட்டினம் ப்ராப்

ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த பக்கம் நான். ஸ்கோர் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதற்குக் காரணம் புரிகிறது அண்ணா.

என் ஆள் ஒரு ரெஃப்ரி. நான் கபடியிலிருந்து வந்தவன். சில்வர் பீச் மணலில் ஆடி வளர்ந்த கால். முதல் மேட்ச்சில் எனக்கு ஒரே சந்தோஷம், காரணம் எதிரே ஓடி வருகிறவனைப் பிடிப்பது எனக்குப் புதுசே இல்லை. பிடித்தேன், விழுந்தான். விசில். மறுபடி பிடித்தேன். விசில். நாலாவது முறை மஞ்சள் அட்டை, இரண்டு நிமிடம் வெளியே.

என்ன தப்பு என்றே புரியவில்லை. கபடியில் பாடி வருகிறவன் காலைப் பிடித்தாலும் அவன் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் போச்சு. உயிரே போனாலும் விடக் கூடாது. ரக்பியில் பிடித்துச் சாய்த்ததும் விட்டுவிட வேண்டும், அவனும் பந்தை விட்டுவிட வேண்டும். அப்புறம்தான் சண்டை. எனக்கு இது யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னபோது நான் காது கொடுக்கவில்லை. வெளியே போகும்போது கத்திக்கொண்டே போனேன்: "விட்டா கோட்டைத் தொட்டுடுவான் சார்!"

ரெஃப்ரி நின்று கேட்டார். "எந்தக் கோட்டை?"

மேட்ச் முடிந்து பரோட்டா சாப்பிடும்போது அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் ரெண்டு இலைக்கும் நடுவில் ஒரு பரோட்டாவை வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். "பிடிச்சேனா? இப்போ விட்டுட்டேன். நீயும் பரோட்டாவை விடு. இப்போ நான் எழுந்து நிக்கிறேன். இப்போ எடுக்கிறேன்." எடுத்துத் தின்றுவிட்டார். என் பரோட்டா அது. இப்போதும் டேக்கிள் பண்ணி விழுந்ததும் எனக்குச் சால்னா வாசனை வருகிறது, கை தானாக விட்டுவிடுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே சாப்பாட்டில் எங்கள் அணிக்கு ஃபுட்பாலிலிருந்து வந்த ஒருவன் அவரிடம் ஒரு பெனால்ட்டியைப் பற்றி விவாதம் பண்ணினான். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். கிரவுண்டில் அதே பையன் அப்படிப் பேசியபோது பெனால்ட்டியைப் பத்து மீட்டர் முன்னால் தள்ளி வைத்தவரும் அவரேதான்.

லாஸ்பேட்டை ஒன்பது

நான் டச் ரக்பி மட்டும் ஆடுகிறவள், பிடித்துச் சாய்க்காமல் தொட்டாலே போதும் என்கிற ரக்பி. எனக்கு எங்கள் சொல்தா தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுவைக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்களைத்தான் இங்கே சொல்தா என்போம்.

ஹெலிபேட் மைதானத்தில் நாங்கள் பயிற்சி செய்யும்போது ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மூன்று வாரம் ஒன்றும் பேசவில்லை. நான்காவது வாரம் என் தோழி பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தபோது எழுந்து நின்று "எஸ்ஸே! எஸ்ஸே!" என்று கத்தினார். நாங்கள் ஏதோ திட்டுகிறார் என்று நினைத்தோம். பிரெஞ்சில் டிரைக்கு அதுதான் பேர். ரெண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்முக்கு மெலே. விளையாட்டையே அவர் ரக்பி என்று சொல்ல மாட்டார், உதட்டைக் குவித்து "ரூக்பி" என்பார். வேலை பார்த்த காலத்தில் துலூஸ் பக்கம் இருந்திருக்கிறார். இங்கே கிரிக்கெட் மாதிரி அங்கே இதுதானாம்.

2023 உலகக் கோப்பை பிரான்ஸில் நடந்தபோது மனுஷர் தூங்கவே இல்லை. நம்ம நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு மேட்ச். காலிறுதியில் பிரான்ஸ் 29–28 என்று தென்னாப்பிரிக்காவிடம் தோற்றது. அடுத்த ஞாயிறு வந்தார், நாற்காலி போட்டார், யாரையும் பார்க்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஒண்ணும்மா. ஒரே ஒரு பாயிண்ட்." அவ்வளவுதான் பேச்சு. பிறகு தென்னாப்பிரிக்கா அரையிறுதியில் இங்கிலாந்தை 16–15, இறுதியில் நியூசிலாந்தை 12–11. அதைக் கேட்டதும்தான் மனசு ஆறியது அவருக்கு. "பாரு, எல்லாரையும் ஒவ்வொரு பாயிண்டாவே ஏமாத்திட்டுப் போயிட்டானுங்க. நமக்கு மட்டும் இல்ல."

மேட்ச் முடிந்தபின் ரெண்டு அணியும் சேர்ந்து சாப்பிடுவதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் "மூன்றாவது பாதி" என்று பேர் வைத்திருக்கிறார்களாம். "ரெண்டு பாதிதானே தாத்தா இருக்கும்?" என்று கேட்டேன். "அதனாலதான் மூணாவது" என்றார்.

வெட்கத்தோடு இன்னொன்று. இந்தியப் பெண்கள் அணி 2019-இல் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று ஜெயித்தது. பதினைந்து பேர் ஆட்டத்தில் நம் பெண்களுக்கு அதுதான் முதல் சர்வதேச வெற்றி. ரக்பி ஆடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு அது அவர் சொல்லித்தான் தெரியும்.

பெஞ்ச்காரன்

என் ஆள் டீக்கடை அண்ணன். பல்லைக் காக்கும் மவுத்கார்டு புதுசாக வாங்கினால் வெந்நீரில் போட்டு இளக்கி, பல்லில் வைத்துக் கடித்து அச்சு எடுக்க வேண்டும். கிரவுண்டில் வெந்நீருக்கு எங்கே போவது? டீக்கடைதான். கிளாஸில் வெந்நீர் வாங்கி உள்ளே போட்டேன். அண்ணன் எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி கிளாஸைப் பார்த்தார். "இந்த வயசுலயேவா தம்பி?"

பல்செட் இல்லை என்று விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை. அடுத்த வாரம் பதினொரு பேர் வரிசையாக கிளாஸோடு நின்றபோதுதான் நம்பினார். 2025-இல் ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையைச் சென்னை புல்ஸ் எடுத்தபோது, எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது. "உங்க பல்செட் ஆட்டத்துல சென்னை ஜெயிச்சுதாமே?" அந்த கிளாஸை மட்டும் தனியாக வைத்திருக்கிறார், அதில் யாருக்கும் டீ தருவதில்லை. நியாயம்தான்.

ஆல்பேட்டை விங்கர்

ஃபெஞ்சல் புயலை யாரும் எழுதவில்லையே. 2024 டிசம்பர் 1, ஞாயிறு. புதுவையில் எங்களுக்கு மேட்ச். முந்தின ராத்திரி புயல் கரையைக் கடந்தது. புதுவையில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகரில் படகு ஓடியது. காலையில் புதுவை கேப்டனுக்குப் போன் போட்டு மேட்ச் உண்டா என்று கேட்டேன். இப்போது நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அவர் மொட்டை மாடியில் நின்றுகொண்டு "வாட்டர் போலோன்னா வா" என்றார்.

சிரித்தேன். சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி எங்கள் கடலூர் பக்கம் வந்தபோது சிரிப்பு நின்றது. எங்களுக்கு மழை விட்டபிறகுதான் வெள்ளம். குண்டு உப்பலவாடி பக்கம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

செவ்வாயா புதனா, நினைவில்லை, புதுவைப் பசங்க ஒன்பது பேர் ஒரு வேனில் வந்தார்கள். மெயின் ரோட்டில் தண்ணீர் ஓடியதால் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பால் பவுடர், பிரெட், மெழுகுவத்தி, நாப்கின். அவர்கள் வீட்டிலேயே தண்ணீர் முழுசாக வடியவில்லை. வேனிலிருந்து வீடுகள் வரை தண்ணீரில் வரிசையாக நின்று பொட்டலங்களைக் கைமாற்றினோம். ஆள் பற்றாததால் நடுநடுவே தூக்கிப் போட வேண்டியிருந்தது. என் முன்னால் நின்றவன் புதுவை ஃப்ளை ஹாஃப். அவன் போட்ட ஒரு பிரெட் பாக்கெட் என் கையில் பட்டு முன்னால் விழுந்து மிதந்தது. இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டு பத்துப் பேரும் ஒரே குரலில் "நாக் ஆன்!" என்று கத்தினார்கள். ரக்பியில் பந்து கையில் பட்டு முன்னால் விழுகிற தப்புக்கு அதுதான் பேர். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி, ஏதோ பாம்பு வந்துவிட்டது என்று காலைத் தூக்கிக்கொண்டார்.

அந்த பாட்டி கேட்ட கேள்வியைத்தான் சொல்ல நினைத்தேன். யார் என்ன என்று விசாரித்தார். நாங்களும் இவர்களும் விளையாட்டில் எதிரெதிர் கட்சி என்றேன். "யாரு ஜெயிச்சீங்க?" ஆடவே இல்லை பாட்டி, மழை என்றேன். "அப்போ வந்து ஆடிட்டுப் போகச் சொல்லு, கடன் வைக்காத."

திருப்பாதிரிப்புலியூர் ஃபுல் பேக்

என்னுடையது கொஞ்சம் கசப்பு. எங்கே, எந்தப் போட்டி என்று சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸ் நிற்கும் என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் வாங்கினார்கள். எனக்குக் காறை எலும்பு உடைந்தபோது ஆம்புலன்ஸும் இல்லை, ஸ்ட்ரெச்சரும் இல்லை, கட்டணம் வாங்கியவரின் போனும் எடுக்கவில்லை. ஜெர்ஸியைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு கட்டி, ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனது என்னை டேக்கிள் பண்ணிய எதிரணிக்காரன்.

ராத்திரி முழுக்க வார்டில் உட்கார்ந்திருந்தான். டேக்கிளில் தப்பு ஒன்றும் இல்லை, இடுப்பில்தான் பிடித்தான், நான் விழுந்த விதம் அப்படி. எத்தனை தடவை சொன்னாலும் "சாரி ப்ரோ" மட்டும்தான் வந்தது. காலையில் என் அம்மா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். இவன்தான் தூங்காமல் பார்த்துக்கொண்டான் என்றதும், எனக்காகக் கொண்டுவந்த இட்லியை அவனுக்கு வைத்தார். ஆறு இட்லி. முழுவதும் சாப்பிட்டான். அதன் பிறகுதான் அம்மா கேட்டார், "உன்னைத் தள்ளிவிட்டது யாருடா?"

நாங்கள் ரெண்டு பேரும் சுவரைப் பார்த்தோம். இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. தீபாவளிக்கு அவனுக்கு முறுக்கு தனியாகப் போகிறது.

பழைய ஹூக்கர், முத்தியால்பேட்டை

அண்ணன் தம்பிகளே, எல்லாம் படித்தேன். ஆல்பேட்டைக்காரர் சொன்ன அந்தக் கடன் மேட்ச்சைப் பிப்ரவரியில் ஆடினோம் என்பதையும் ஸ்கோர் என்ன என்பதையும் அவர் எழுதவில்லை. நானும் எழுதப் போவதில்லை.

சாரம் கட்டுகிறவரிடம் பேசிவிட்டேன். அடுத்த ஆட்டத்துக்குக் காலை ஐந்தரைக்கே வந்துவிடுகிறேன் என்றார். போன வாரம் கட்டிய கழிகள் பச்சை மரமாம், காய்ந்தால் மெலிந்து கட்டு தளரும், ஆகவே காய்ந்த கழியாக நாலு வேண்டும் என்கிறார். அகலம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "அப்போ எதுக்கு ஃபுட்பால் கம்பியில கட்டுறே? உள்ளாற தனியா நட்டுக் கொடுத்துடுறேன், சரியா அஞ்சு புள்ளி ஆறு அடி..." என்று ஆரம்பித்தார். அடி இல்லை அண்ணா, மீட்டர் என்று டேப்பைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

தேங்காய்நார்க் கயிறு நாலு கட்டு, மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒரு ஏணி, கடப்பாரை ஒன்று. கயிறு நான் வாங்கிவிடுகிறேன். ஏணி யாரிடம் இருக்கிறது?

பெஞ்ச்காரன்

டீக்கடை அண்ணனிடம் இருக்கிறது. கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.