பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கன்சோல்) வாங்குறதா, கேமிங் பிசி போடுறதா?

கேள்வி: 4கே டிவி இருக்கு, ஆபீஸ் வேலைக்கு லேப்டாப் இருக்கு. கேம் ஆட மட்டும்தான். இப்பவும் கன்சோல் லாபமா?

பதில்: உங்க தேவைக்குக் கன்சோல்தான். பிசியில் பல கேம்கள் ஆடும்போதே ஷேடரை (ஒளி, நிறத்தைக் கணக்கிட்டுப் படம் வரையுற சின்ன நிரல்) அந்த பிசிக்கு ஏத்த மாதிரி கம்பைல் பண்ணும்; புது இடத்துக்குள் நுழைஞ்சதும் படம் திக்கித் திக்கி ஓடும். கன்சோலில் ஹார்டுவேர் ஒண்ணுதான், அதனால ஷேடர் தயாராவே வந்துடும். டிஸ்க் டிரைவ் உள்ள மாடலா எடுங்க. ஆடி முடிச்ச டிஸ்க்கை விற்கலாம், டிஜிட்டல் கேமை விற்க முடியாது.

பதில்: சந்தாவை மறந்துடாதீங்க. காசு கொடுத்து வாங்கின கேமை ஆன்லைன்ல மத்தவங்களோட ஆட சோனியோட பிஎஸ் பிளஸ் சந்தா வேணும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்கு வேண்டாம். பிசியில் பெரும்பாலும் இந்தச் செலவே இல்லை. தினமும் ஆன்லைன்ல ஆடுறவங்களுக்கு என் ஓட்டு பிசிக்குத்தான்.

பதில்: 2020 பிஎஸ்5 மாடலில் சேமிப்பிடம் 825 ஜிபி, கைக்குக் கிடைப்பது சுமார் 667. சீக்கிரமே நிரம்பிடும். ஜென்4 எம்.2 எஸ்எஸ்டி (உள்ளே செருகுற கூடுதல் சேமிப்புக் கார்டு) போடுங்க, வாசிப்பு வேகம் நொடிக்கு 5,500 எம்பியாவது இருக்கணும். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேத்துற உலோகத் தகடு) கட்டாயம், எல்லாம் சேர்த்து உயரம் 11.25 மி.மீ. தாண்டினா மூடி உட்காராது. முதல்ல சிஸ்டம் அப்டேட், அப்புறம் பிளக்கைப் பிடுங்கிட்டுத் திறங்க. 2280 கார்டுன்னா (80 மி.மீ. நீளம்) ஸ்பேசரை, அதாவது கார்டோட முனையைத் தாங்குற சின்ன வளையத்தை, 80னு குறிச்ச துளைக்கு மாத்துங்க. ஸ்பேசர் இல்லாம ஸ்குரூவை முறுக்கினா கார்டு வளைஞ்சிடும்.