‘சாலிடாரிட்டி எகானமி’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

‘சாலிடாரிட்டி எகானமி’ என்பது லாபத்தைவிட மக்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பதை முன்வைக்கும் பொருளாதாரம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலில் இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘கூட்டுறவுப் பொருளாதாரம்’ எனக்குச் சரியாகப் படவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் இந்தப் பொருளாதாரத்துக்குத் தந்த வரையறையில் கூட்டுறவுச் சங்கங்களோடு சுய உதவிக் குழுக்கள், பரஸ்பர உதவிச் சங்கங்கள், சமூக நிறுவனங்கள் எல்லாம் அடங்கும். பகுதியின் பெயரை முழுமைக்கும் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ‘ஒருமைப்பாடு’ என்றாலோ தேசிய ஒருமைப்பாட்டு உறுதிமொழிதான் நினைவுக்கு வருகிறது.

‘ஒப்புரவுப் பொருளாதாரம்’ மீது எனக்கும் ஆசை உண்டு. குறளில் அதற்குத் தனி அதிகாரமே இருக்கிறது. ஆனால் அங்கே ஒப்புரவு என்பது செல்வமுள்ளவன் ஊருக்குப் பயன்படுவது. ஊருணியும் பயன்மரமும் அதற்கு உவமைகள். கொடுக்கிற கை மேலேயும் வாங்குகிற கை கீழேயும் இருக்கும் அந்த உறவை மாற்றத்தானே இந்தப் பொருளாதாரமே கிளம்பியது?

அர்ஜென்டினாவைப் பாருங்கள். தொண்ணூறுகளில் நவதாராளக் கொள்கைகளை, அதாவது தனியார்மயம், கட்டுப்பாடற்ற சந்தை போன்றவற்றை, முழுவீச்சில் அமலாக்கிய நாடு. 2001 பொருளாதார நெருக்கடியில் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. நெயுக்கென் மாகாணத்தில் தரை ஓடு தயாரித்த ஸனோன் ஆலையின் தொழிலாளர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஆலையைத் தங்கள் கையில் எடுத்து, 2002-இல் மறுபடி ஓட்டினார்கள். ‘முதலாளிகள் இல்லாத ஆலை’ என்ற பொருளில் ‘பாசின்பாட்’ என்று பெயரும் வைத்தார்கள். முடிவுகளைப் பொதுக்கூட்டத்தில் எடுத்தார்கள். அவர்களை வெளியேற்றும் முயற்சி நடந்தபோது ஊர்மக்கள் ஆலை வாசலில் திரண்டு நின்றார்கள். மபூச்சே பழங்குடியினர் தங்கள் நிலத்துக் களிமண்ணைத் தந்தார்கள். கடைசியில், 2009-இல், ஆலையைக் கையகப்படுத்தித் தொழிலாளர் கூட்டுறவிடம் ஒப்படைக்க மாகாணச் சட்டமன்றமே சட்டம் இயற்றியது.

வாசலில் நின்றவர்கள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களும் இல்லை, கொடை கொடுக்க வந்தவர்களும் இல்லை. அவர்கள் காட்டியதற்குத் தமிழில் நேரான பெயர் தோழமை. ஆகவே என் பரிந்துரை ‘தோழமைப் பொருளாதாரம்’.

இது இடதுசாரி மேடைச் சொல் என்று மறுப்பு வரலாம். சங்க அகப்பாடல்களில் தலைவிக்குத் துணை நிற்பவள் தோழிதான்; அந்த வேர் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை. தோழமை நிதி, தோழமைச் சந்தை எனக் கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. எக்குவடோரின் 2008 அரசியல் சட்டம் அந்நாட்டுப் பொருளாதார அமைப்பைப் பற்றிச் சொல்வதை ‘சமூக, தோழமைப் பொருளாதாரம்’ என்று சிரமமில்லாமல் எழுதலாம்.

அப்புறம், மேலே நான் எழுதிய ‘பரஸ்பர உதவிச் சங்கம்’ கொஞ்சம் நீளம். ‘மியூச்சுவல் சொசைட்டி’க்குச் சுருக்கமாக ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.