ஆன்டிபயாடிக் முடிந்த பிறகு குழந்தையின் வயிறு தேற என்ன கொடுக்கிறீர்கள்?

அனைவருக்கும் வணக்கம். என் மூன்று வயது மகளுக்குக் காதில் சீழ் வந்ததால் அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த சிரப் கொடுத்தோம். காது சரியாகிவிட்டது; வயிறுதான் இன்னும் தேறவில்லை. மலம் தண்ணீராகப் போகிறது. பிட்டம் சிவந்து, கழுவும்போதெல்லாம் வீறிட்டு அழுகிறாள். இந்த மருந்துக்கு இப்படி ஆவதுண்டு என்று மருத்துவர் சொன்னார். ஓ.ஆர்.எஸ். கரைசலும் சாக்கரோமைசிஸ் பொலார்டி பொடியும் எழுதித் தந்திருக்கிறார். அந்தப் பொடியில் இருப்பது வயிற்றுக்கு நல்லது செய்யும் ஈஸ்ட் வகை என்பதால் ஆன்டிபயாடிக் அதை அழிக்காது. மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ இல்லை, சிறுநீரும் நன்றாகப் போகிறது. இல்லாவிட்டால் இங்கே கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

என் கவலையெல்லாம் சாப்பாடு பற்றித்தான். தயிரின் புளிப்பு நாக்கில் பட்டதும் துப்பிவிடுகிறாள். மோர்க்குழம்பு என்றால் சாப்பிடுவாள், ஆனால் கொதித்த மோரில் நல்ல பாக்டீரியா எப்படிப் பிழைக்கும்? மாமியார் பழைய சோற்றுத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. இருந்தாலும் இந்த வெயிலில் இரவெல்லாம் ஊறியதை நொந்த வயிற்றுக்குக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. இந்த வயதுக் குழந்தைக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? புளிக்காத தயிரை எதில் கலந்து கொடுத்தீர்கள்? சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தவிர வேறென்ன தடவலாம்?