16 வயது தம்பி செயலியில் கொடுத்த சம்மதம்: வெளியே வர வழி தேவை

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தம்பிக்கு 16 வயது, சாதாரண தரம் படிக்கிறான். மார்ச்சில் அப்பாவின் போனில் ஒரு நேரலை வீடியோ செயலியில் சேர்ந்து, ஒரு வருடத்துக்கு வேறெங்கும் வீடியோ போடுவதில்லை என்ற ஒப்பந்தத்துக்குச் சம்மதம் அழுத்தியிருக்கிறான். பிறந்த திகதியை உண்மையாகத்தான் கொடுத்திருக்கிறான், ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது. பெற்றோரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

படிப்புக்காக ஜூனில் நிறுத்தினான். இப்போது 85,000 ரூபா நட்டஈடு கேட்டு வட்ஸ்அப்பில் தினமும் மிரட்டல். இரவில் போன் அதிர்ந்தாலே பிள்ளை போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். அம்மா கொழுந்து பறித்து வாங்கும் மாதச் சம்பளம் அதற்குக் கிட்டவும் வராது.

உதவிப் பகுதிக்கு மூன்று முறை எழுதினேன், தானியங்கிப் பதில்தான். நிலுவை இருக்கிறதென்று கணக்கை அழிக்கவும் விடவில்லை. பொலிஸில் இது சிவில் விசயம் என்றார்கள். ஒரு சதமும் கட்டவில்லை, கடனை ஒப்புக்கொண்டு எதுவும் எழுதவுமில்லை.

1989 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இலங்கையில் பராய வயது (சட்டப்படி வளர்ந்தவராகக் கருதப்படும் வயது) 18. பெற்றோர் சம்மதமில்லாமல் பராயமடையாதவர் செய்த ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது என்பதும் தெரியும். ஆனால் இதில் வெளிநாட்டுச் சட்டமே செல்லும் என்று ஒரு வரி இருக்கிறது.

ஒப்பந்தத்தை நிராகரிக்கும் கடிதத்தை அப்பா பெயரில் நாங்களே அனுப்பலாமா, முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போக வேண்டுமா?