மற்றாக்களுக்கு முன்னால பிள்ளையைக் குறைச்சுக் கதைக்கிறதைக் கண்டிருக்கிறியளே?

பரந்தன்காரி
அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினை றிசல்ற்ஸ் வந்த அண்டு கிளிநொச்சியில ஒரு போட்டோக்கொப்பிக் கடையில நிண்டனான். ஒரு தகப்பன் போனில சுட்டெண்ணை அடிச்சுப் பாத்தார். 137. பெட்டை சிரிச்சுக்கொண்டு உள்ளங்கையில பேனையால 137 எண்டு எழுதிப்போட்டுது, ஆருக்கோ காட்டத்தான். தகப்பன் "மாமாவின்ர பெட்டை 151 எல்லோ" எண்டார். பிள்ளைக்கில்லை, கடைக்காரருக்கு! அவள் எச்சில் தொட்டுத் தொட்டு அழிச்சாள். மை அழியேல்லை, நீலமாப் பரவினதுதான் மிச்சம். பேந்து கையைப் பொத்திக்கொண்டாள். 200க்கு 137 என்ன குறைவே? எனக்கு இன்னும் அந்த மனுசனில கோவம்.

குளக்கட்டு
இதெல்லாம் ஒரு கதையே தங்கச்சி? எங்கட அப்பு பூவரசந் தடியால வெளுத்தவர். நாங்கள் என்ன, கெட்டே போனம்? கண்டிப்பு இல்லாட்டில் பிள்ளை படிக்காது.

கடை அக்கா
நான் கண்டது வேற. புதுக்குடியிருப்பில எங்கட கடைக்குத் தாயும் மகனும் வருவினம். பெடியனுக்கு மீசை அரும்பிற்று. "உமக்கு என்ன வேணும் தம்பி?" எண்டால் தாயின்ர முகத்தைப் பாப்பான். "அவனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, பிளேன்ரீ குடுங்கோ" எண்டுவா. அடியில்லை, ஏச்சில்லை. ஆனால் பெடியனுக்கு வாயும் இல்லை. 2009 இல மூத்தவனைப் பறிகுடுத்த மனுசி. ஆர் என்னத்தைச் சொல்லுறது?

மல்லாவி ரீச்சர்
என்ர வகுப்பிலயும் ஒரு பிள்ளை, விடை தெரிஞ்சும் கை உயர்த்தாள். அது கிடக்கட்டும். குளக்கட்டு அண்ணை, கண்டிப்பு வேற, அடக்கிறது வேற. அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1966 இலேயே வளர்ப்பை மூண்டாப் பிரிச்சவ: "சொன்னதைச் செய்" எண்டு அடக்கிறது, கேட்டதெல்லாம் விட்டுக்குடுக்கிறது, சட்டமும் வைச்சுக் காரணமும் சொல்லிப் பிள்ளையின்ர கதையையும் கேக்கிறது. கவனியாமலே விடுறதை 1983 இல மக்கோபியும் மார்ட்டினும் நாலாவதாச் சேத்தவை. மூண்டாவது மாதிரி வளருறதுகளுக்குத்தான் தங்களில நம்பிக்கை கூட எண்டு கன ஆய்வுகளில வந்திருக்கு. ஒப்பிடத்தான் வேணுமெண்டால் அதே பிள்ளையின்ர போன தவணை மார்க்ஸோட ஒப்பிடுங்கோ. எந்தக் கேள்வி கஷ்டமா இருந்தது எண்டு கேளுங்கோ. கடை அக்கா, அந்தத் தாயிட்டை நைசாச் சொல்லிக் காசைப் பெடியன்ர கையில குடுக்கச் சொல்லுங்கோ. பிழையா வாங்கினாலும் பறவாயில்லை.

குளக்கட்டு
ரீச்சர், அமெரிக்கக் கதை வன்னிக்குச் சரிவராது. அடியாத மாடு படியாது.

பரந்தன்காரி
அண்ணை, நான் அடியைப் பற்றி எங்க எழுதினனான்? அந்த மனுசன் கையே ஓங்கேல்லை.