பாட்டு இல்லாத படங்களும் பாட்டால் நிமிர்ந்த படங்களும்

கொட்டுக்காளி (2024) வந்தபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உலகத்தரம் என்று ஒரு பக்கம், பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்று இன்னொரு பக்கம். சண்டை எல்லாம் அடங்கட்டும் என்று விட்டுவிட்டு, இப்போதுதான் வீட்டில் பார்த்தேன்.

பாட்டு கிடையாது என்பது முன்பே தெரியும். பின்னணி இசையும் சுத்தமாகக் கிடையாது என்பது படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அது உறைத்ததும் காது தானாகக் கூர்மையாகிவிட்டது. ஆட்டோவின் இரைச்சல், பின்னால் வரும் பைக்குகள், சேவல் படபடவென்று இறக்கை அடிக்கும் சத்தம், தொண்டை கட்டிக்கொண்ட சூரியின் கரகரப்பு. சுண்ணாம்பு தடவிய அந்தக் கழுத்தோடு அவர் பேசப் பேச, நமக்கே தொண்டையைச் செருமிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நகைச்சுவை நடிகராக இத்தனை வருடம் பார்த்த ஆளா இது என்று தோன்றிவிட்டது. அன்னா பென் ஏறக்குறைய பேசுவதே இல்லை. பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஊர்வலம் மாதிரி கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவளோ ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து பஸ் பயணம் போகிறவள் போல வெளியே பார்த்தபடி வருகிறாள்.

எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. வழியில் எங்கோ ஒலிக்கும் சினிமாப் பாட்டை அவள் மெல்ல முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான். அதைப் பார்த்த பாண்டிக்கு (சூரிதான்) வருகிற வெறி இருக்கிறதே, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அடி. பாட்டே இல்லாத படத்தில் வருகிற ஒரு முணுமுணுப்புக்கு இத்தனை விலை. இந்த ஒரு காட்சிக்காகவே இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் இசையை ஒதுக்கி வைத்தாரோ என்னவோ. வழி மறித்து நிற்கும் மாட்டை மீசைக்காரர்கள் எல்லாம் சேர்ந்தும் நகர்த்த முடியாமல், ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாளே, அதுவும் பிரமாதம்.

முடிவு பற்றி மட்டும் வீட்டில் ஒத்துப் போகவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. “இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்துட்டு நடுவழில இறக்கி விட்டா எப்படிங்க?” என்றாள் மனைவி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இதன் சூட்டோடு, பாட்டில்லாத பழைய படங்களைத் தேடிப் போனதில் முதலில் கிடைத்தது அந்த நாள் (1954). சிறுவயதில் டிவியில் அரைகுறையாகப் பார்த்தது. அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான், கல்லூரி முதலாண்டு. கறுப்பு வெள்ளை என்றதும் போனைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி செத்து விழுகிறார். “மாமா, ஹீரோ போயிட்டாரே, அப்புறம் என்ன படம்?” என்று நிமிர்ந்தவன், அதற்கப்புறம் போனை எடுத்ததாக ஞாபகம் இல்லை.

1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நேரத்தில் நடக்கிற கதை. ரேடியோ எஞ்சினியர் ஒருவர் கொல்லப்படுகிறார். துப்பறிய வரும் அதிகாரியாக ஜாவர் சீதாராமன். திரைக்கதை வசனமும் அவரே. சந்தேகப்படுகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, செத்துப்போன ராஜனும் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாகத் தெரிகிறான். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ராஷோமான் பாதிப்பு என்று எல்லோரும் எழுதுவார்கள். இருக்கலாம். ஆனால் ராஷோமானில் கடைசிவரை எது உண்மை என்பது பிடிபடாது. இங்கே அதிகாரி ஒரு முடிவுக்கு வந்தே தீருகிறார். என்னைக் கேட்டால் இது நல்ல துப்பறியும் கதை, அவ்வளவுதான். அதைத் தத்துவமாக்க வேண்டியதில்லை. யார் சுட்டது என்பதை இங்கே உடைக்கப் போவதில்லை, இன்னும் பார்க்காதவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் என்று சொல்லப்படும் இதை இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். கையில் அவ்வளவு சங்கீதத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டுகூட வைக்காமல் விட்டிருக்கிறார். அடுக்கடுக்காகப் பாட்டு வைத்து எடுத்த காலம் அது. ஏ.வி.எம். இதற்குச் சம்மதித்ததே ஆச்சரியம். சிவாஜி சம்மதித்தது அதைவிட. பராசக்தி வந்து இரண்டே வருடம். ஜனங்கள் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், அனுதாபமே வராத ஒரு ஆளாக நடிக்கிறார். வசனம் கொஞ்சம் நாடகபாணிதான், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பண்டரிபாயின் நடிப்பு மட்டும் இன்றைக்கும் பழையதாகத் தெரியவில்லை.

அடுத்தது பாலுமகேந்திராவின் வீடு (1988). இதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்து உட்கார்ந்தேன். சொந்தமாக ஒரு வீடு கட்ட முயன்ற யாருக்கும் இது பேய்ப்படம். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வாடகை வீடு அகப்படவில்லை. இருக்கிற மனையில் கட்டலாம் என்று இறங்குகிறாள் சுதா. லோன், பிளான் அப்ரூவல், சிமெண்டைத் திருடி விற்கும் கான்ட்ராக்டர் என்று ஒவ்வொன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கிறது. அர்ச்சனாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம். ஆனால் நான் பார்த்தது முழுக்கத் தாத்தாவைத்தான். சொக்கலிங்க பாகவதர், நாடக மேடையில் பாடி நடித்துப் பழகிய மனிதர். பாதி எழும்பி நிற்கிற வீட்டைத் தனியாகப் பார்க்க வருவார். சுவரைத் தொட்டுப் பார்ப்பார், அறை அறையாக நுழைந்து வருவார். வசனம் கிடையாது. இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்து இசையைத்தான் படத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். படத்துக்கென்று போடாத இசை இப்படியும் பொருந்துமா என்று இருந்தது. அதற்குப் பிறகு தாத்தாவுக்கு நடப்பதை எழுத மனசு வரவில்லை.

இணையத்தில் கிடைக்கிற பிரிண்ட் மோசம், நிறமெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. மூல நெகட்டிவே அழிந்துவிட்டது என்று பாலுமகேந்திராவே வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். கிடைப்பதைப் பார்த்துவிடுங்கள்.

இந்த மூன்றையும் பார்த்த கையோடு போன வருடத்து ஆக்‌ஷன் படம் ஒன்றைப் போட்டேன். பெயர் வேண்டாம், ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஹீரோ காரிலிருந்து இறங்கினால் டமார், கண்ணாடியைக் கழற்றினால் டமார், தண்ணீர் குடித்தால்கூட டமார். வசனம் காதில் விழவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால், அடுத்த நொடி பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடுவார் போல இசை அடிக்கிறது. ரிமோட்டைக் கீழே வைக்கவே முடியவில்லை. என் புகார் பாட்டின் மேல் இல்லை. இந்த ஓயாத இரைச்சல் மேல்தான். காட்சி தன்னால் செய்ய முடியாததை இசையை விட்டு மிரட்டி வாங்கப் பார்க்கிறார்கள்.

பாட்டு மேல் புகார் இல்லை என்றேன் அல்லவா, அதற்கு லப்பர் பந்து (2024) சாட்சி. விஜயகாந்த் ரசிகரான கெத்து என்ற கிரிக்கெட் ஆட்டக்காரர் மட்டையைச் சுழற்ற, ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ ஒலிக்கிறது. பொன்மனச் செல்வன் (1989) பாட்டு. விஜயகாந்த் காலமானது 2023 டிசம்பரில், படம் வந்தது அடுத்த செப்டம்பரில். தியேட்டரில் அந்த இடத்தில் எழுந்த விசிலில் பாதி, போன மனிதருக்கானது. ஆனால் விசிலுக்காக மட்டும் வைத்ததாகத் தெரியவில்லை. இளமையில் கேட்ட பாட்டையும் கிரிக்கெட்டையும் விட முடியாத ஒரு நடுத்தர வயதுக்காரர் என்பதை அந்தப் பாட்டு அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. வீட்டுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்பதை அவர் மனைவி யசோதை டிராக்டரைக் கொண்டுவந்து ஆடுகளத்தையே உழுதுவிட்டுப் போவதில் காட்டிவிடுகிறார்கள். ஸ்வாசிகாவுக்கு அந்த ஒரு காட்சி போதும். மாமியாராக வரும் கீதா கைலாசமும் அட்டகாசம். மருமகனாகப் போகிறவனுக்கும் மாமனாருக்கும் பகை ஒரு பேட்டிங் பலவீனத்தால் வருகிறது என்ற கதையைக் கேட்டால் சிரிப்பு வரும், பார்த்தால் நம்பிவிடுவோம். கடைசி மேட்ச் சற்று நீளம்தான்.

இதே வேலையை மஞ்சும்மல் பாய்ஸ் (2024) இன்னும் பெரிதாகச் செய்தது. மலையாளப் படம்தான், ஆனால் கொடைக்கானலில் நடப்பதால் பாதி நம் படம் மாதிரியே. 2006இல் நடந்த உண்மைச் சம்பவம். குழிக்குள் விழுந்தவனை மேலே கொண்டு வரும்போது குணா படத்து ‘கண்மணி அன்போடு’ எழும்புகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காதல் பாட்டை நட்புக்கு மாற்றிவிட்டார்கள் என்று எல்லோரும் சொன்னதுதான். எனக்கு வேறொன்று தோன்றியது. அதைச் சரிபார்க்க குணாவை (1991) மறுபடி பார்த்தேன்.

அந்தப் பாட்டு உண்மையில் பாதி பேச்சு. குணா தனக்கு வருகிற வார்த்தைகளைத் தட்டுத் தடுமாறிச் சொல்வான், அவள் அதை எடுத்து ராகம் போட்டுப் பாடுவாள். ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் வாங்கிக்கொள்ள, நம் கண் முன்னாலேயே ஒரு கடிதம் பாட்டாக மாறுகிறது. வாலியின் வரிகள், கமல், ஜானகி குரல்கள். மேலே இருப்பவன் கத்த, கீழே இருப்பவன் பதில் சொல்கிற ஒரு கதையில் இது அப்படியே உட்கார்ந்ததற்கு அந்த அமைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வெறும் பழைய நினைவு மட்டும் வேலை செய்திருந்தால் குணாவே பார்க்காத சின்னப் பையன்கள் தியேட்டரில் அழுதிருக்க மாட்டார்கள்.

குணாவைப் பற்றி இன்னொன்று. 1991 தீபாவளிக்குத் தளபதியோடு வந்து அடிபட்ட படம். ஆரம்பத்தில் கமல் அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்து பேசுகிற காட்சி இன்றைக்கும் மிரட்டுகிறது. ஆனால் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்து வைப்பதை இப்போது பார்க்கும்போது நெளிய வேண்டியிருக்கிறது. அவன் மனநிலை சரியில்லாதவன், படத்துக்கும் அது தெரியும், சரி. இருந்தாலும் அவள் மனம் மாறுவது கொஞ்சம் அவசரம்.

அம்மாவுக்காகப் போட்டது தில்லானா மோகனாம்பாள் (1968). அம்மா ஒவ்வொரு காட்சியையும் வருவதற்கு முன்னால் சொல்லிவிடுவார். வைத்தி வருவதற்குள்ளேயே “படுபாவி வர்றான் பாரு” என்று ஆரம்பித்துவிட்டார். நாகேஷை அத்தனை வருடம் கழித்தும் உண்மையாகவே திட்டுகிறார்! மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி வந்ததும் திட்டு நின்று சிரிப்பு. அக்கா மகனும் அன்று இருந்தான். அவனுக்கு ஒரு பழக்கம், பாட்டு வந்தால் பத்து விநாடி தள்ளுகிற பொத்தானை அமுக்கிக்கொண்டே போவான். ‘நலந்தானா’ தொடங்கியதும் ரிமோட்டை எடுத்தான். “வை கீழே. அந்தக் கண்ணைப் பாருடா” என்று அம்மா போட்ட சத்தத்தில் வைத்துவிட்டான்.

அவர் சொன்னது சரி. கையில் கத்திக்குத்து வாங்கிப் பிழைத்து வந்த சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வரம் வாசிக்கிறார். சபை நிறைய ஆட்கள். மோகனா கிட்டே போய் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க முடியாது. ஆடிக்கொண்டேதான் கேட்க வேண்டும். அவர் வாசித்துக்கொண்டேதான் பதில் சொல்ல வேண்டும். பத்மினி கேட்கிறார், சிவாஜி கண்ணால் தாங்கிக்கொள்கிறார். இந்தப் பாட்டைத் தள்ளினால் கதையில் ஒரு பக்கம் கிழிந்துவிடும். வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் அதை நம்பவிடாமல் செய்கின்றன. பக்கத்தில் தவிலோடு பாலையா. இசை கே.வி. மகாதேவன். அந்தப் பொத்தானைத்தான் இப்போது அளவுகோலாக வைத்திருக்கிறேன். தள்ளியும் கதை புரிகிறதென்றால் அந்தப் பாட்டு அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான டூயட்டுகள் இதில் தேறாது, பழையதும் சரி, புதியதும் சரி.

மற்றவை சுருக்கமாக. மெய்யழகன் (2024): வெளியான சில நாட்களிலேயே பதினெட்டு நிமிடம் போல வெட்டினார்கள். எனக்கு அந்த நீளம் உறுத்தவில்லை. இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்கிற இரண்டு பேரைப் பற்றிய படத்தில் பேச்சு அதிகம் என்று குறை சொல்வது என்ன கணக்கோ. பெயரே நினைவுக்கு வராத ஒருவனிடம் அவ்வளவு அன்பை வாங்கிக்கொண்டு அரவிந்த்சாமி கூனிக் குறுகுவது கார்த்தியின் பேச்சைவிடப் பிடித்தது. டூரிஸ்ட் ஃபேமிலி (2025): எல்லோரும் ரொம்ப நல்லவர்கள், அதுதான் பலமும் குறையும். சசிகுமார், சிம்ரன் ஜோடி அழகு.

அடுத்து குருதிப்புனல் (1995) வரிசையில் இருக்கிறது. பி.சி. ஸ்ரீராம் இயக்கியது, அதிலும் பாட்டு இல்லை. நல்ல பிரிண்ட் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாட்டில்லாத வேறு படங்கள் இருந்தாலும் சொல்லுங்கள், கைதியைத் தவிர. அதை அக்கா மகன் ஏற்கெனவே பலமுறை போட்டுக் காட்டிவிட்டான்.