வீடு வாங்கும் முயற்சியில் தொடர் தடைகள்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியில் பழைய வீடு ஒன்றை வங்கிக் கடனில் வாங்க நானும் என் கணவரும் கடந்த ஆண்டிலிருந்து முயன்று வருகிறோம். முதலில் பார்த்த வீட்டின் உரிமையாளர், வாய்மொழியாக விலை பேசி முடித்த பிறகு, வேறொருவர் கூடுதலாகத் தருவதாகக் கூறி விலகிவிட்டார். அடுத்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்து ஒப்பந்தமும் எழுதிய நிலையில், வில்லங்கச் சான்றில் (சொத்தின் மீது அடமானம் போன்ற பதிவுகள் உண்டா எனக் காட்டும் சான்று) குறை ஏதும் இல்லாதபோதும், மூலப்பத்திரத்தின் (சொத்து முன்பு கைமாறியதைக் காட்டும் பழைய பத்திரம்) அசல் இல்லை என்பதால் வங்கியின் வழக்கறிஞர் ஒப்புதல் தர மறுத்துவிட்டார். அசல் தொலைந்ததற்குக் காவல் துறைச் சான்றும் நாளிதழ் அறிவிப்பும் வேண்டும் என்கிறது வங்கி. விற்பவரோ, சார்பதிவாளர் அலுவலக நகலே போதும் என்று அசையாமல் இருக்கிறார்.

ரூ.30 லட்சத்தைத் தாண்டும் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தராது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் தனி. இதற்காக நகையை அடகு வைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி முன்பணமாக முடங்கிக் கிடப்பதுதான் எங்கள் உறக்கத்தைக் கெடுக்கிறது. ('வீட்டைக் கட்டிப் பார்' என்றவர்கள் வாங்கிப் பார்த்ததில்லை போலும்.)

கடன் மறுக்கப்பட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தும், வேறு ஆள் கிடைத்த பிறகே தருவேன் என்பவரிடம், வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிப் பணத்தை மீட்டவர்கள் இங்கு உண்டா? வீட்டுப் பேச்சை எடுத்தாலே எங்களுக்குள் சண்டை மூள்கிறது. இந்நிலையைக் கடந்தவர்கள், தேடலைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தீர்களா, தொடர்ந்தீர்களா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.